ஸ்டார்ட் பட்டன் போனபோது: விண்டோஸ் 8-ஐப் பயனர்கள் ஏன் ஏற்கவில்லை

2012 அக்டோபர் 26 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 8 இயங்குதளத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விண்டோஸ் 95 காலம் தொட்டுப் பதினேழு ஆண்டுகளாகத் திரையின் இடது கீழ் மூலையில் இருந்துவந்த ஸ்டார்ட் பட்டன் அதில் இல்லை. அதை அழுத்தினால் விரியும் பட்டியலும் இல்லை. கணினியைத் திறந்ததும் வழக்கமான டெஸ்க்டாப்புக்குப் பதிலாகப் பல நிறங்களில் பெரிய கட்டங்கள் திரை முழுவதையும் நிறைத்திருந்தன. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள், நீக்கியவற்றில் பெரும்பகுதியை அந்நிறுவனமே ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டியதாயிற்று.

"மக்களுக்கு எப்போதுமே மாற்றம் பிடிக்காது, பழகியதையே பிடித்துக்கொண்டிருப்பார்கள்" என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். மென்பொருள் துறையில் உள்ளவர்கள் இதை ஒரு தேற்றம்போலவே சொல்லிவருகிறார்கள். விண்டோஸ் 8-இன் கதையைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்பதில்லை. ஏனெனில், 1995இல் இதைவிடப் பெரிய மாற்றத்தை இதே பயனர்கள்தான் விரும்பி வாங்கினார்கள். 2012இல் அவர்கள் எதிர்த்தது மாற்றம் என்ற ஒன்றையே அல்ல. செலவு தங்களுடையதாகவும் ஆதாயம் வேறொருவருடையதாகவும் இருந்த ஒரு மாற்றத்தை, வேண்டாம் என்று சொல்லும் வழியையும் அடைத்துவிட்டுத் தங்கள் மீது இறக்கியதைத்தான் அவர்கள் எதிர்த்தார்கள் என்பது என் கருத்து.

எது மாறியது என்பதை முதலில் தெளிவாகப் பார்த்துவிடுவது நல்லது. விண்டோஸ் 8-இல் உண்மையில் இரண்டு உலகங்கள் இருந்தன. ஒன்று, தொடுதிரைக்காகப் புதிதாக வடிவமைக்கப்பட்டு முதலில் மெட்ரோ என்ற பெயரில் அறியப்பட்ட இடைமுகம். அதில் ஒவ்வொரு செயலியும் திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். சாளரம், மூடுவதற்கான பெருக்கல் குறி, திறந்திருக்கும் செயலிகளைக் காட்டும் கீழ்ப்பட்டையான டாஸ்க்பார் எதுவும் கண்ணில் படாது. மற்றொன்று, விண்டோஸ் 7-இல் இருந்த அதே டெஸ்க்டாப், ஸ்டார்ட் பட்டன் மட்டும் இல்லாமல். இந்த இரண்டுக்கும் இடையே பயனர் நாள் முழுவதும் போய்வர வேண்டியிருந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என இரண்டு இருந்தது. அமைப்புகளை மாற்றும் இடமும் இரண்டு: பழைய கண்ட்ரோல் பேனல் ஒன்று, புதிய பிசி செட்டிங்ஸ் மற்றொன்று. சில அமைப்புகள் ஒன்றில் மட்டுமே இருந்தன, சில மற்றொன்றில் மட்டுமே இருந்தன.

இது அன்றாடத்தில் எப்படி இருந்தது என்பதற்கு, கணினியை அணைப்பது என்ற மிகச் சாதாரணமான வேலையையே எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 7-இல் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, அங்கே எழுத்திலேயே தெரியும் ஷட் டவுன் என்பதை அழுத்தினால் வேலை முடிந்தது. விண்டோஸ் 8-இல் மவுஸ் வைத்திருப்பவர், அம்புக்குறியைத் திரையின் வலது மேல் மூலைக்கோ வலது கீழ் மூலைக்கோ கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அந்த மூலையில் எதுவும் எழுதியிருக்காது, எந்த அடையாளமும் இருக்காது. நிறுத்தியதும் வலது ஓரத்தில் ஐந்து குறிகள் மங்கலாகத் தெரியும். அவற்றை நோக்கி ஓரத்தை ஒட்டியே அம்புக்குறியை நகர்த்த வேண்டும். குறுக்கே இழுத்தால் அவை மறைந்துபோகும். செட்டிங்ஸ் என்பதை அழுத்தி, வரும் பலகத்தின் அடியில் பவர் என்பதை அழுத்தி, அதிலிருந்து ஷட் டவுனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெரிந்துகொண்டவருக்கு இது சில நொடி வேலைதான். தெரியாதவருக்கோ, கண்டுபிடிப்பதற்கு ஒரு துப்புகூடத் திரையில் இருக்கவில்லை. முதல் முறை கணினியை நிறுவும்போது, மவுஸை எந்த மூலைக்கு வேண்டுமானாலும் நகர்த்திப் பாருங்கள் என்று ஒரு சிறு அசைபடம் ஓடும். அதைப் பார்த்தவர் கணினியை நிறுவியவர். மறுநாள் அதில் வேலை செய்ய உட்கார்ந்தவர் பல இடங்களில் வேறொருவர்.

இன்னொன்று. மின்னஞ்சலில் வந்த ஒரு பிடிஎஃப் கோப்பை டெஸ்க்டாப்பிலிருந்து திறக்கும் அலுவலக ஊழியரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள தொகைகளைப் பார்த்துப் பார்த்து எக்செல் தாளில் ஏற்ற வேண்டும் என்பது அவர் வேலை. கோப்பை இரட்டைக் கிளிக் செய்ததும் டெஸ்க்டாப்பே காணாமல் போய், புதிய ரீடர் செயலி திரை முழுவதும் விரிந்துகொள்ளும். எக்செல் எங்கே என்று தெரியாது. மூடுவதற்குப் பொத்தான் இல்லை. திரையின் மேல் விளிம்பைப் பிடித்துக் கீழ் விளிம்பு வரை இழுத்துவிட்டால்தான் மூடும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இரண்டையும் அருகருகே வைக்க வசதி இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் அந்த முதல் பதிப்பில் ஒன்றுக்கு 320 பிக்சல் அகலமுள்ள ஒரு குறுகிய பட்டைதான் கிடைக்கும், அதுவும் திரை குறைந்தது 1366 பிக்சல் அகலம் இருந்தால் மட்டுமே. சாளரங்களை வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்வதுதான் இந்த இயங்குதளத்தின் பெயருக்கே அடிப்படை. அதுவே இங்கே ஒரு விதிவிலக்காகிவிட்டது.

மைக்ரோசாப்ட் ஏன் இப்படிச் செய்தது என்பதற்கு வலுவான காரணங்கள் இருந்தன, அவற்றை நேர்மையாகவே சொல்ல வேண்டும். 2010இல் ஆப்பிள் ஐபேடை வெளியிட்டது. கணினி வாங்க நினைத்தவர்களில் ஒரு பகுதியினர் டேப்லெட்டின் பக்கம் போகத் தொடங்கினார்கள். கைபேசியில் மைக்ரோசாப்ட் ஏற்கனவே பின்தங்கியிருந்தது. உலகின் பெரும்பாலான கணினிகளில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தது என்ற ஒரே பலம்தான் அந்நிறுவனத்தின் கையில் மிஞ்சியிருந்தது. எல்லாக் கணினிகளிலும் தொடுதிரை இடைமுகத்தையே முதல் முகமாக வைத்துவிட்டால் கோடிக்கணக்கான மக்கள் அதற்குப் பழகிவிடுவார்கள், மென்பொருள் எழுதுபவர்கள் அதற்குச் செயலிகள் எழுதுவார்கள், பிறகு விண்டோஸ் டேப்லெட்டும் விண்டோஸ் கைபேசியும் தாமாக விற்கும் என்பது கணக்கு. வணிக நோக்கில் இது முட்டாள்தனமான கணக்கல்ல. ஆனால், இந்தக் கணக்கில் டெஸ்க்டாப் பயனரின் இடம் எது என்று பாருங்கள். தன் மேசையில் மவுஸையும் விசைப்பலகையையும் வைத்து வேலை பார்ப்பவர், நிறுவனத்தின் டேப்லெட் வணிகம் வளர்வதற்காகத் தன் பழக்கத்தைத் துறக்க வேண்டும். அவருக்கு அதனால் கிடைப்பது மிகக் குறைவு. அப்போது புழக்கத்தில் இருந்த கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தொடுதிரையே கிடையாது.

ஸ்டார்ட் மெனுவை நீக்கியதற்கு நிறுவனம் வேறொரு காரணத்தையும் முன்வைத்தது. பயனர்களின் ஒப்புதலோடு அவர்களின் கணினிகளிலிருந்து திரட்டப்பட்ட பயன்பாட்டுத் தரவுகளின்படி, அதற்கு முந்தைய பதிப்பான விஸ்டாவோடு ஒப்பிடும்போது விண்டோஸ் 7-இல் ஸ்டார்ட் மெனுவைத் திறப்பது 11 விழுக்காடு குறைந்திருந்தது. விண்டோஸ் 7-இல் செயலிகளை டாஸ்க்பாரிலேயே பொருத்தி வைக்கும் வசதி வந்துவிட்டதால், தினமும் பயன்படுத்தும் செயலிகளுக்காக மெனுவைத் திறக்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது என்பது அவர்கள் வாசிப்பு. தரவு சரிதான் என்று வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

ஒரு வசதியை எத்தனை முறை பயன்படுத்துகிறார்கள் என்பது ஓர் அளவு. அது இல்லாமல் போனால் எவ்வளவு திணறுவார்கள் என்பது முற்றிலும் வேறோர் அளவு. தினமும் திறக்கும் நான்கைந்து செயலிகள் டாஸ்க்பாரில் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை வேண்டியது, பெயர் மறந்துபோனது, எங்கே நிறுவினோம் என்று தெரியாதது எல்லாவற்றுக்கும் ஸ்டார்ட் மெனுதான் கதி. வழி தெரியாமல் போனால் எல்லோரும் திரும்பி வரும் இடம் அது. ஒரு வீட்டின் வாசலை ஒரு நாளில் எத்தனை முறை தாண்டினார்கள் என்று எண்ணி, சமையலறையைவிடக் குறைவு என்று சொல்லி வாசலை அடைப்பது போன்றது இந்த முடிவு. இதற்கும் மேலாக, ஸ்டார்ட் பட்டன் உலகம் முழுக்கக் கணினி கற்பித்தலின் பொது மொழியாகவே ஆகியிருந்தது. தொலைபேசியில் வழி சொல்பவர், "இடது பக்கம் கீழே ஸ்டார்ட் பட்டன் இருக்கும், அதை அழுத்துங்க" என்றுதான் தொடங்குவார். நம் ஊர் கணினிப் பயிற்சி மையங்களின் குறிப்பேடுகளிலும் பல பாடங்கள் அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்கின. அப்படிச் சேர்ந்த கோடிக்கணக்கான குறிப்புகள், பாடங்கள், மனப்பாடமான வழிகள் அனைத்தும் ஒரே நாளில் செல்லாமல் போயின. இந்த இழப்பு எந்தப் பயன்பாட்டுத் தரவிலும் பதிவாகாது.

பழக்கம் என்பதை வெறும் சோம்பலாகப் பார்க்கும் போக்கு தொழில்நுட்ப உலகில் நிறையவே உண்டு. அது பழக்கத்தின் இயல்பைப் புரிந்துகொள்ளாத பார்வை. ஒரு வேலையைப் பல ஆயிரம் முறை செய்த கை, அதை யோசிக்காமலே செய்யும். அப்படி யோசிக்காமல் செய்ய முடிவதால்தான் பயனரின் கவனம் முழுவதும் அவர் எழுதும் கடிதத்திலோ போடும் கணக்கிலோ இருக்கிறது. அந்த இடத்தை மாற்றினால், யோசிக்காமல் செய்துகொண்டிருந்ததை யோசித்துச் செய்ய வேண்டும். அதற்கான கவனம் அவருடைய வேலையிலிருந்துதான் கழியும். 1987இல் ஜான் கேரல், மேரி பெத் ராசன் என்ற இரு ஆய்வாளர்கள் இதையொட்டி ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். கணினியின் முன் அமர்பவர் அதைக் கற்றுக்கொள்ள வரவில்லை, தன் வேலையை முடிக்க வந்திருக்கிறார். ஆகவே, கற்றுக்கொண்டால் பிற்பாடு நேரம் மிச்சமாகும் என்று தெரிந்தாலும், கையேட்டைப் படிக்காமல் தெரிந்த வழியிலேயே உடனே வேலையைத் தொடங்கிவிடுவார் என்றார்கள். இதைக் குறையாகக் கருதித் திருத்தப் பார்ப்பதைவிட, மனிதர்கள் இப்படித்தான் என்று ஏற்று வடிவமைப்பதே சரி என்பதும் அவர்கள் வாதத்தின் சாரம். வேலை நேரத்துக்கு நடுவே, யாரும் கற்றுத்தராமல், மறைந்திருக்கும் மூலைகளைத் தாமாகக் கண்டுபிடிக்கச் சொன்ன விண்டோஸ் 8 இதற்கு நேர் எதிரானது.

பொருளியலிலும் உளவியலிலும் இதைத் தொட்டுச் செல்லும் ஆய்வுகள் உண்டு. ஒரே அளவுள்ள ஆதாயத்தைவிட இழப்பு மனிதர்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது என்று டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வாதிட்டார்கள். இருக்கும் நிலையிலேயே தொடர்வதை மக்கள் எந்த அளவுக்கு விரும்புகிறார்கள் என்பதை வில்லியம் சாமுவேல்சனும் ரிச்சர்ட் செக்ஹவுசரும் 1988இல் சோதனைகள் வழியே காட்டினார்கள். இவற்றை எடுத்துக்காட்டி, பயனர்களின் எதிர்ப்பு பகுத்தறிவுக்குப் புறம்பானது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. இழப்பு பெரிதாகத் தெரிகிறது என்பது மனித இயல்பாக இருக்கலாம். ஆனால், விண்டோஸ் 8-இன் தராசில் டெஸ்க்டாப் பயனருக்கு மறுதட்டில் வைக்க அநேகமாக ஒன்றுமே இருக்கவில்லை. இழப்பைப் பெரிதாக உணராத ஒருவர் நிறுத்துப் பார்த்திருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்.

பயன்பாட்டு எளிமையை ஆராய்வதில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன், 2012 நவம்பரில் கணினியில் நல்ல அனுபவமுள்ள 12 பேரை வைத்து விண்டோஸ் 8-ஐச் சோதித்தார். புதியவர்களுக்கும் சரி, தேர்ந்தவர்களுக்கும் சரி, இது ஏமாற்றமளிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். ஒரே கருவியில் இரண்டு இடைமுகங்கள் இருப்பதால் எது எங்கே என்று நினைவில் வைத்துக்கொள்ளும் சுமை கூடுகிறது, தட்டையான வடிவமைப்பில் எதை அழுத்தலாம், எது வெறும் எழுத்து என்று தெரிவதில்லை, பெரிய திரையில் மிகக் குறைந்த தகவலே காட்டப்படுகிறது என்பவை அவர் கண்டவற்றுள் சில. இவற்றில் ஒன்றுகூடப் பழக்கம் சார்ந்த குறை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். விண்டோஸையே முன்பின் பார்த்திராத ஒருவருக்கும் இவை இடையூறுதான். மூலைகளின் விஷயமும் இப்படிப்பட்டதே. பால் ஃபிட்ஸ் 1954இல் வகுத்த விதியின்படி, பெரிதாகவும் அருகிலும் இருக்கும் இலக்கை எளிதில் எட்டலாம். அம்புக்குறி திரையின் விளிம்பைத் தாண்டிப் போகாது என்பதால் மூலைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எட்டிவிடலாம். ஒற்றைத் திரைக்கு இது உண்மை. இரண்டு திரைகளை அருகருகே வைத்திருப்பவருக்கு உள்பக்க மூலையில் அம்புக்குறி எளிதில் நழுவி அடுத்த திரைக்குப் போய்விடும். தொலைவிலுள்ள ஒரு கணினியைத் தன் திரையில் சிறு சாளரமாகத் திறந்து பராமரிக்கும் கணினி நிர்வாகிக்கோ, அந்தச் சாளரத்தின் மூலை திரையின் மூலையே அல்ல; சில பிக்சல் பரப்பில் அம்புக்குறியைத் துல்லியமாக நிறுத்தியாக வேண்டும். சர்வர் கணினிகளுக்கான விண்டோஸ் சர்வர் 2012-இலும் இதே இடைமுகத்தை வைத்தார்கள் என்பதால், தொடுதிரையோடு எந்த உறவும் இல்லாத இவர்களும் இந்தத் தொல்லையை அனுபவித்தார்கள்.

1995-க்கு வருவோம்

விண்டோஸ் 3.1-இலிருந்து விண்டோஸ் 95-க்கு மாறியவர்கள் சந்தித்த மாற்றம் சிறியதல்ல. செயலிகளைத் திறக்கப் பயன்பட்ட புரோகிராம் மேனேஜர் போய் டெஸ்க்டாப், டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. அதற்கு எதிராக இப்படிப்பட்ட கிளர்ச்சி ஏதும் எழவில்லை. முதல் ஐந்து வாரங்களில் 70 லட்சம் பிரதிகள் விற்றன. இந்த வேறுபாட்டை விளக்காமல் பயனர் எதிர்ப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

விண்டோஸ் 95 இடைமுகத்தை வடிவமைத்த குழு 1992இன் பிற்பகுதியில் வேலையைத் தொடங்கியது. ஆய்வகத்தில் 64 கட்டங்களாக 560 பேரை வைத்துச் சோதித்ததாக அக்குழுவைச் சேர்ந்த கென்ட் சல்லிவன் பின்னர் எழுதிய கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார். பழைய விண்டோஸில் ஒரு செயலியைத் திறப்பதற்கு எங்கே தொடங்குவது என்றே மக்களுக்குத் தெரியவில்லை, ஒரு சாளரத்தின் பின்னால் மறைந்த மற்றொன்று போயேபோய்விட்டது என்று நினைத்தார்கள் என்பவை அவர்கள் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தவை. முதல் திணறலுக்கு விடையாக ஸ்டார்ட் பட்டனும், இரண்டாவதற்கு விடையாக டாஸ்க்பாரும் வந்தன. அதாவது, பயனருக்கு ஏற்கனவே வலித்துக்கொண்டிருந்த இடத்தில் மருந்து போட்டார்கள். அப்படியும் விட்டுவிடவில்லை, கணினியைத் திறந்ததும் இங்கே அழுத்தித் தொடங்குங்கள் என்ற வாசகம் ஓர் அம்புக்குறியோடு டாஸ்க்பாரில் நகர்ந்துபோய் ஸ்டார்ட் பட்டனில் முட்டி நிற்கும்.

சல்லிவனின் கட்டுரையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி இன்னொன்று. புதியவர்களுக்கென்று எளிமையான ஒரு தனி இடைமுகத்தையும், தேர்ந்தவர்களுக்கு வழக்கமான இடைமுகத்தையும் வைக்கலாமா என்று அந்தக் குழு முயன்று பார்த்துக் கைவிட்டது. எளிய இடைமுகத்தில் முடியாத ஒரு வேலை வந்ததும் பயனர் மற்றொன்றுக்குத் தாவ வேண்டியிருந்தது, அங்கே எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது என்பதுதான் காரணம். விண்டோஸ் 8-இன் இரட்டை உலகம் தந்த சிக்கல் அப்படியே இதுதான். பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே அதே நிறுவனம் சோதித்து, தவறு என்று கண்டு விலக்கிய வழி அது.

1995இல் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. விண்டோஸ் 95-இல் பழைய புரோகிராம் மேனேஜரும் கூடவே வந்தது. வேண்டியவர் அதையே வைத்துக்கொள்ளலாம். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி புதிய தோற்றத்தோடு வந்தபோதும், பழைய தோற்றத்துக்கும் பழைய ஸ்டார்ட் மெனுவுக்கும் மாற்றிக்கொள்ள வழி விடப்பட்டிருந்தது. திரும்பிப் போகலாம் என்று தெரிந்தவர் புதியதை அச்சமில்லாமல் முயன்று பார்க்கிறார், சில வாரங்களில் பலர் புதியதிலேயே தங்கிவிடுகிறார்கள். விண்டோஸ் 8-இல் இந்தக் கதவு திட்டமிட்டே அடைக்கப்பட்டது. 2011 செப்டம்பரில் மென்பொருள் எழுதுபவர்களுக்காக வெளியிட்ட முன்னோட்டப் பதிப்பில், விண்டோஸின் உள் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் பழைய ஸ்டார்ட் மெனு திரும்ப வந்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் அந்த வழி இல்லை. 2012 பிப்ரவரி இறுதியில் பொதுமக்களுக்கு வந்த முன்னோட்டப் பதிப்பில் ஸ்டார்ட் பட்டனும் காணாமல் போனது. முன்னோட்டப் பதிப்புகளைப் பயன்படுத்தியவர்களின் குறைகள் வெளியீட்டுக்கு முன்பே நிறுவனத்தின் காதுக்கு எட்டியிருந்தன. எட்டியும் இது பழகிவிட்டால் சரியாகிவிடும் என்பதே நிலைப்பாடாக இருந்தது.

நிறுவனம் மூடிய கதவை மற்றவர்கள் திறந்தார்கள். கிளாசிக் ஷெல் என்ற இலவச மென்பொருள் பழைய மெனுவைத் திரும்பக் கொடுத்தது. ஸ்டார்டாக் நிறுவனம் 4.99 டாலருக்கு ஸ்டார்ட்8 என்பதை விற்றது. ஏற்கனவே விலை கொடுத்து வாங்கிய இயங்குதளத்திலிருந்து அகற்றப்பட்ட ஒன்றைத் திரும்பப் பெற மக்கள் மீண்டும் பணம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்பதைவிடத் தெளிவான பயன்பாட்டுத் தரவு வேறு இருக்க முடியாது. நிறுவனங்களின் எதிர்ப்பு இன்னும் அமைதியானது, இன்னும் கனமானது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடியவிருந்ததால் பல அலுவலகங்கள் அந்த ஆண்டுகளில் இயங்குதளத்தை மாற்றியே ஆக வேண்டியிருந்தது. அவற்றில் பலவும் புதிய விண்டோஸ் 8-ஐ விட்டுவிட்டு, 2009இல் வந்த விண்டோஸ் 7-க்குப் போயின. ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கும், முதல் சில மாதங்களில் உதவி மையத்துக்கு வரும் அழைப்புகளைச் சமாளிப்பதற்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கும் ஒரு நிர்வாகிக்கு அது தயக்கமில்லாத முடிவு.

2013இன் முதல் காலாண்டில் உலகக் கணினி விற்பனை முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 13.9 விழுக்காடு சரிந்ததாக ஐடிசி ஆய்வு நிறுவனம் அறிவித்து, விண்டோஸ் 8 சந்தையைத் தூக்கி நிறுத்தத் தவறியது மட்டுமல்ல, மந்தப்படுத்தவும் செய்திருப்பதாகத் தெரிகிறது என்றது. அந்தச் சரிவு முழுவதையும் ஓர் இடைமுகத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. டேப்லெட்டுகளும் கைபேசிகளும் கணினியின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனால், அந்தப் போட்டியைச் சமாளிக்கத்தான் விண்டோஸ் 8 உருவாக்கப்பட்டது. அதே நாளில் வெளியான சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட்டில் பழைய விண்டோஸ் மென்பொருள்கள் ஓடவில்லை. விற்காமல் தேங்கியதால் 2013 ஜூலையில் மைக்ரோசாப்ட் 90 கோடி டாலரை இழப்பாக எழுதித் தள்ள வேண்டியிருந்தது. டெஸ்க்டாப் பயனர்களின் வசதியைக் கொடுத்து வாங்க நினைத்த வெற்றி டேப்லெட்டிலும் கிடைக்கவில்லை.

விண்டோஸ் பிரிவின் தலைவராக இருந்து இந்தப் பதிப்பை வழிநடத்திய ஸ்டீவன் சினோஃப்ஸ்கி, வெளியீடு நடந்து மூன்று வாரங்கள் ஆவதற்குள், 2012 நவம்பரில் நிறுவனத்தைவிட்டு வெளியேறினார். பின்னர் திருத்தங்கள் தொடங்கின. 2013 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8.1-இல் ஸ்டார்ட் பட்டன் திரும்பி வந்தது. ஆனால் அதை அழுத்தினால் மெனு வராது, அதே கட்டங்கள் நிறைந்த முழுத்திரைதான் வரும். பொத்தானைக் கேட்டவர்களுக்கு வேண்டியது பொத்தான் அல்ல என்பதை நிறுவனம் அப்போதும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை. நேராக டெஸ்க்டாப்புக்குச் செல்லும் வசதியும் அந்தப் பதிப்பில் வந்தது. 2014 ஏப்ரலில் வந்த அப்டேட்டில் மெட்ரோ செயலிகளுக்கு மூடும் குறி கிடைத்தது. பெரும்பாலான கணினிகளில் ஸ்டார்ட் திரையிலேயே கணினியை அணைக்கும் பொத்தானும் தெரிந்தது. 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியானபோது ஸ்டார்ட் மெனு முழுமையாகத் திரும்பியிருந்தது, புதிய செயலிகள் சாதாரணச் சாளரங்களில் ஓடின, மூலைகளில் ஒளிந்திருந்த குறிகள் போய்விட்டன.

இதில் எனக்கு வருத்தமான ஒன்று உண்டு. விண்டோஸ் 8 பொறியியல் அளவில் நல்ல இயங்குதளம். விரைவாகத் திறந்தது. கோப்புகளை நகலெடுக்கும்போது இடையில் நிறுத்தி வைக்க முடிந்தது. டாஸ்க் மேனேஜர் புதிதாக எழுதப்பட்டு மிகத் தெளிவாகியிருந்தது. ஒரு வட்டின் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்புகளைத் தனி மென்பொருள் இல்லாமல் திறக்க முடிந்தது. ஸ்டார்ட் பட்டன் சர்ச்சையில் இவற்றைப் பற்றிப் பேச யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. உழைத்துச் செய்த பொறியாளர்களுக்கு அது பெரிய அநீதி, அதை அவர்களுக்கு இழைத்தவர்கள் பயனர்கள் அல்ல.

எதிர்ப்பவர்கள் எப்போதும் சரியாகவே இருப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. 2007இல் ஆபீஸ் மென்பொருளில் பழைய மெனுக்களை எடுத்துவிட்டு ரிப்பன் என்ற பட்டையை வைத்தபோதும் கடும் எதிர்ப்பு இருந்தது. பழைய மெனுவைத் திரும்பக் கொண்டுவரும் துணை மென்பொருள்கள் அப்போதும் விற்றன. ஆனாலும் ரிப்பன் நிலைத்துவிட்டது. மெனுக்களுக்குள் புதைந்து கிடந்த நூற்றுக்கணக்கான கட்டளைகளைக் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே கொண்டுவந்தது அது. அதன் ஆதாயம் அதைப் பயன்படுத்தியவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. பழைய பதிப்பில் ஆல்ட் விசையோடு அழுத்திப் பழகிய பல விசைத் தொடர்களும் புதிய பதிப்பில் வேலை செய்தன என்பதால், கைப்பழக்கத்தில் வேகமாக வேலை செய்தவர்களின் உழைப்பு வீணாகவில்லை. ஃபைல் மெனுவை எடுத்துவிட்டு ஒரு வட்டச் சின்னத்தை வைத்ததுதான் பலருக்குக் குழப்பமாயிற்று. 2010 பதிப்பில் ஃபைல் என்ற சொல் திரும்பி வந்தது. எதிர்ப்பின் சத்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ரிப்பனும் ஸ்டார்ட் திரையும் ஒன்றுபோலத் தெரியும். ஆறு மாதம் கழித்து, பழகிவிட்ட பயனர் முன்பைவிட எளிதாக வேலை செய்கிறாரா என்று பார்த்தால்தான் இரண்டும் எவ்வளவு வேறு என்பது விளங்கும்.

விண்டோஸ் உலகத்துக்கு வெளியிலும் இதே காலத்தில் இது நடந்தது. 2011 ஏப்ரலில் லினக்ஸ் இயங்குதளப் பயனர்களுக்கான க்னோம் 3 என்ற டெஸ்க்டாப் இடைமுகம் வெளியாகி டாஸ்க்பாரையும் பழைய மெனுவையும் எடுத்துவிட்டது. அங்கே மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், பிடிக்காதவர்கள் பழைய க்னோம் 2-ஐயே எடுத்து மேட்டே என்ற பெயரில் தொடர்ந்தார்கள், லினக்ஸ் மின்ட் குழு சின்னமன் என்ற தனி இடைமுகத்தை உருவாக்கியது. விண்டோஸ் பயனருக்கு அந்த உரிமை இல்லை. அவரால் செய்ய முடிந்தது பழைய பதிப்பிலேயே தங்குவது ஒன்றுதான். அதைத்தான் செய்தார்.

2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11-இலும் டாஸ்க்பார் புதிதாக எழுதப்பட்டது. குறிகள் நடுவில் வந்தன. அதை இடது பக்கம் மாற்றிக்கொள்ள முதல் நாளிலிருந்தே வழி இருந்ததால் அதற்குப் பெரிய எதிர்ப்பு எழவில்லை. ஆனால், ஒரு கோப்பை இழுத்து டாஸ்க்பாரில் உள்ள செயலியின் மீது விடுவது, திறந்திருக்கும் சாளரங்களைத் தனித்தனியாகப் பெயரோடு காட்டுவது, டாஸ்க்பாரைத் திரையின் பக்கவாட்டில் வைப்பது ஆகியவை சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தன. ஒரே நேரத்தில் ஏழெட்டு எக்செல் கோப்புகளைத் திறந்து வைத்து வேலை செய்யும் கணக்கருக்குப் பெயர் தெரியாத ஒற்றைக் குறி எவ்வளவு தொல்லை என்பதை அந்த வேலையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். பக்கவாட்டு டாஸ்க்பாரைக் கேட்பவர்கள் மற்ற வசதிகளைக் கேட்பவர்களோடு ஒப்பிட எண்ணிக்கையில் குறைவு என்பது 2022இல் நிறுவனத் தரப்பிலிருந்து சொல்லப்பட்ட விளக்கம். அந்த ஆண்டின் பிற்பகுதியில் இழுத்துவிடும் வசதி திரும்பி வந்தது. பெயரோடு காட்டும் வசதி திரும்பி வருவதற்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.